பாலி: வயலுக்குப் போகும் தண்ணீரும் நீச்சல் குளத்துக்குப் போகும் தண்ணீரும்

வாய்க்காலின் குறுக்கே ஒரு தென்னந்தடி கிடக்கும். அதன் மேல்பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களில் ஒரே ஆழத்துக்குச் செதுக்கியிருப்பார்கள், அகலம் மட்டும் வேறுவேறாக இருக்கும். ஒரு வெட்டு நாலு விரல் அகலம் என்றால் பக்கத்து வெட்டு எட்டு விரல். அகலமான வெட்டில் வழியும் தண்ணீர் நிறைய வயல் இருக்கிற பக்கம் போகிறது, குறுகலானதில் வழிவது குறைந்த வயல் இருக்கிற பக்கம். ஆற்றில் வெள்ளமே வந்தாலும் சரி, கோடையில் நூல் மாதிரி ஒழுகினாலும் சரி, பங்கு மாறாது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் இந்தத் தடிக்குத் தெம்புக்கு என்று பெயர். அதன் வழியாக ஒரு விவசாயிக்கு வந்து சேரும் பங்குக்குத் தெக்தெக் என்று பெயர். இப்போது பல இடங்களில் தடியை எடுத்துவிட்டு சிமென்டில் கட்டிவிட்டார்கள், ஆனால் கணக்கு அதேதான்.

பாலிக்குப் போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் இந்தத் தடி இருக்காது. படிப்படியாக இறங்கும் பச்சை வயல் இருக்கும், ஏரிக்குள் நிற்பது போன்ற கோயில் இருக்கும், தலையில் பழக்கூடை அடுக்கிப் போகும் பெண்கள் இருப்பார்கள், பெரிய ஊஞ்சலில் ஆடும் படம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். நம் ஊரிலிருந்தும் இப்போது ஏராளமானவர்கள் போகிறார்கள், ஹனிமூன் பேக்கேஜ் என்றாலே பாலி என்று ஆகிவிட்டது. கடந்த சில ஆண்டுகளில் பாலிக்கு வரும் வெளிநாட்டவர்களில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்த இடம் இந்தியர்களுக்குத்தான். அதனால் இது எங்கேயோ இருக்கும் யாருடைய பிரச்சினையோ என்று தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம். சுற்றுலா விளம்பரங்கள் 'பாலியின் இயற்கை' என்றும் 'பாலியின் கலாச்சாரம்' என்றும் இரண்டாகப் பிரித்து விற்பது ஒரே பொருளைத்தான், அந்தப் பொருள் விவசாயிகள் தங்களுக்குள் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்ளச் செய்துவைத்த ஏற்பாடு. அது உடைந்தால் வயலும் போகும், கோயிலும் வெறும் கட்டடமாகும்.

அந்த ஏற்பாட்டின் பெயர் சுபாக். ஒரே மடையிலிருந்து தண்ணீர் எடுக்கும் விவசாயிகள் எல்லாரும் சேர்ந்த சங்கம் என்று சொல்லலாம், ஒரு சங்கத்தில் 50 பேரும் இருக்கலாம், 400 பேரும் இருக்கலாம். தீவு முழுக்க இப்படி ஏறக்குறைய 1,200 சங்கங்கள் இருப்பதாக யுனெஸ்கோ கணக்கு வைத்திருக்கிறது. கி.பி. 1071 ஆண்டுக் கல்வெட்டிலேயே இதற்கான சொல் வருகிறது, இதன் வேர் 9ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், சுபாக்கின் எல்லை ஊரின் எல்லையோடு ஒத்துப்போகாது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே சங்கம் போகும். மூன்று ஊர்க்காரர்கள் ஒரே சுபாக்கில் இருப்பார்கள், இரண்டு இடத்தில் வயல் வைத்திருக்கிற ஒருவர் இரண்டு சுபாக்கில் இருப்பார். தலைவருக்குப் பெகாசே என்று பெயர், சங்க விதிகளுக்கு அவிக்-அவிக் என்று பெயர். வாய்க்கால் தூர்வார வராதவனுக்கு என்ன அபராதம், இரவில் அடுத்தவன் மடையைத் திறந்தவனுக்கு என்ன தண்டனை என்பதெல்லாம் அதில் இருக்கும். குடிமராமத்தும் முறைத்தண்ணீரும் நடந்த ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் கோயில். வயலில் தண்ணீர் நுழையும் மூலையில் ஒவ்வொருவருக்கும் இடுப்புயரத்தில் ஒரு சின்ன மாடம் இருக்கும். குருத்தோலையை மடித்துச் செய்த உள்ளங்கை அளவு தட்டில் நாலு பூவும் கொஞ்சம் சோறும் வைத்திருப்பார்கள், அது தேவி ஸ்ரீக்கு, நெல்லின் தாய்க்கு. ஒரு சுபாக்குக்கு ஒரு கோயில், பல சுபாக்குகள் சேர்ந்து இன்னொரு கோயில், இப்படியே மேலே மேலே போய்க் கடைசியில் பத்தூர் எரிமலையின் விளிம்பில் இருக்கும் உலுன் தானு பத்தூர் கோயிலில் வந்து முடியும். அங்கே இருப்பவள் தேவி தானு, ஏரியின் தெய்வம். பத்தூர் ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு எதுவும் கிடையாது. மண்ணுக்குள் இறங்கிக் கீழே ஊற்றுகளாகக் கிளம்புவது அந்த ஏரித் தண்ணீர்தான் என்பது மக்களின் நம்பிக்கை. பழைய கோயில் ஏரிக்கரையில் இருந்தது, 1926 எரிமலைக் குழம்பு அதை மூடிய பிறகு ஊரோடு சேர்த்து மேலே கொண்டுவந்தார்கள். கோயிலின் பெரிய பூசாரிக்கு ஜெரோ கெதே என்று பெயர், ஒருவர் இறந்ததும் சாமி வந்து பேசும் பெண் வழியாக அடுத்தவரைச் சிறு வயதிலேயே தேர்ந்தெடுக்கிறார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட சுபாக்குகள் இந்தக் கோயிலுக்கு நெல்லும் தேங்காயும் காணிக்கை கொண்டுவருகின்றன. புதிதாக ஊற்று வெட்டவோ, நடவுக் காலத்தை மாற்றவோ, பக்கத்துச் சுபாக்கோடு தகராறு தீர்க்கவோ இங்கே வந்து ஆலோசனை கேட்கின்றன.

சரி, இதில் சாமி ஒரு பக்கம் இருக்கட்டும், கோயிலுக்கு இதில் உண்மையில் என்ன வேலை? இந்தக் கேள்விக்கு 1970களில் ரொம்பக் கசப்பான விதத்தில் பதில் கிடைத்தது.

பசுமைப் புரட்சி இந்தோனேசியாவுக்கும் போனது. புது விதை, உரம், பூச்சிமருந்து, அதற்குக் கடன் எல்லாம் ஒரே கட்டாகக் கொடுத்து, முடிந்தவரை அடிக்கடி நடவு செய்யுங்கள், கோயில் சொல்கிற நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அரசு விவசாயிகளிடம் சொன்னது. முதல் சில போகம் நன்றாகவே விளைந்தது. அப்புறம் ஆளுக்கொரு நேரத்தில் நட ஆரம்பித்ததால் தண்ணீர்ச் சண்டை வந்தது, அதன் பின்னாலேயே புகையான் பூச்சி வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் புகையான் என்று சொன்னால் போதும், பயிர் வட்டவட்டமாகக் கருகிக் கிடப்பது கண்முன் வரும். அதைத் தாங்கும் புது ரகம் கொடுத்தார்கள், அதற்குத் துங்ரோ நச்சுயிரி வந்தது. அதற்கு இன்னொரு ரகம், இன்னும் அதிக மருந்து. எலியும் சேர்ந்துகொண்டது.

காரணம் கேட்டால் சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். ஒரு பள்ளத்தாக்கு முழுக்க ஒரே வாரத்தில் நட்டு, ஒரே வாரத்தில் அறுத்து, பிறகு வயல்களைத் தண்ணீர் கட்டிச் சும்மா போட்டால் பூச்சிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. பக்கத்து வயலுக்குத் தாவலாம் என்றால் அங்கேயும் பயிர் கிடையாது. செத்துப்போகும். ஆனால் எல்லாரும் ஒரே வாரத்தில் நட்டால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேண்டும், அவ்வளவு தண்ணீர் ஆற்றில் கிடையாது. அப்படியென்றால் எத்தனை சுபாக் ஒன்றாக நட வேண்டும், எத்தனை சுபாக் இரண்டு வாரம் தள்ளி நட வேண்டும்? இந்தக் கணக்கைப் போட்டுக்கொடுத்தது கோயில் நாட்காட்டி. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மேல்மடைக்காரனுக்குத் தண்ணீர்க் கவலை கிடையாது, அவன் நினைத்தால் கீழே இருப்பவனைக் காய விடலாம். ஆனால் கீழ்மடைக்காரன் தன் இஷ்டத்துக்கு வேறு நேரத்தில் நட்டால் அங்கே வளரும் பூச்சி மேலே ஏறி வரும். ஒருவனிடம் தண்ணீர் இருக்கிறது, இன்னொருவனிடம் பூச்சி இருக்கிறது, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சார்ந்தே ஆக வேண்டும். பேச உட்காரும் இடம்தான் கோயில் திருவிழா.

ஸ்டீபன் லான்சிங் என்கிற அமெரிக்க மானுடவியலாளர் இதைப் பல ஆண்டு அங்கேயே இருந்து கவனித்தார். பிறகு ஜேம்ஸ் கிரேமர் என்கிற சூழலியலாளரோடு சேர்ந்து, இரண்டு ஆறுகளில் உள்ள 172 சுபாக்குகளின் மழை, தண்ணீர், பூச்சி, விளைச்சல் எல்லாவற்றையும் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்த்தார். தனித்தனியாக நட்டால் பூச்சி அழிக்கிறது, எல்லாரும் ஒன்றாக நட்டால் தண்ணீர் போதவில்லை, கோயில்கள் சேர்த்து வைத்திருக்கிற குழு அளவில்தான் விளைச்சல் உச்சத்துக்குப் போகிறது என்று தெரிந்தது. அந்தத் தீவின் பாசனத் திட்டத்துக்குக் கடன் கொடுத்த ஆசிய வளர்ச்சி வங்கியின் மதிப்பீட்டாளர்களும் பின்னால் கோயில்களின் பங்கை ஏற்றுக்கொண்டார்கள். விவசாயிகள் அதற்கு முன்பே பழைய முறைக்குத் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள். ஆயிரம் ஆண்டு அனுபவத்தைப் பத்தே ஆண்டில் குலைக்க முடியும் என்பதற்கும், அந்த அனுபவம் வைத்திருந்தவர்களைக் கேட்டிருந்தால் போதும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியாது.

2012இல் யுனெஸ்கோ இந்தச் சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, மொத்தம் 19,500 ஹெக்டேர். பத்தூர் ஏரியும் கோயிலும், பக்கெரிசான் ஆற்றுப் படுகை, பத்துகாரு மலையடிவாரத்து வயல்கள், தமன் அயுன் கோயில் எல்லாம் அதில் அடக்கம். தெய்வம், மனிதன், இயற்கை மூன்றோடும் இணக்கமாக இருப்பதே நலத்துக்குக் காரணம் என்ற திரி ஹிதா கரணா என்னும் கருத்தின் பெயரால் சேர்த்தார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நமக்கே பொருள் புரியும்.

இப்போது சுற்றுலாவின் பக்கம் வருகிறேன். பாலி என்பது சிறிய இடம், ஏறக்குறைய 5,780 சதுர கிலோமீட்டர், திண்டுக்கல் மாவட்டத்தைவிடக் கொஞ்சம் சின்னது. மக்கள்தொகை 43 லட்சத்துக்கு மேல். 2019இல் அங்கே வந்த வெளிநாட்டவர்கள் மட்டும் 62 லட்சத்துக்கும் அதிகம், கொரோனாவில் விழுந்து எழுந்து 2024இல் மறுபடியும் 63 லட்சத்தைத் தொட்டார்கள். உள்நாட்டுப் பயணிகளைச் சேர்த்தால் இது இரண்டு மடங்குக்கும் மேல்.

இது திடீரென்று வந்ததும் கிடையாது. 1906இல் டச்சுப் படை சனூர் கடற்கரையில் இறங்கியபோது படுங் அரசனும் குடும்பமும் வெள்ளை உடுத்திக்கொண்டு துப்பாக்கிகளை நோக்கி நடந்துபோய் இறந்தார்கள், 1908இல் குளுங்குங்கிலும் அப்படியே. அந்தப் படுகொலையின் அவமானத்தை மூடுவதற்கும் சேர்த்துத்தான் டச்சு அரசு பாலியை உயிருள்ள அருங்காட்சியகம் மாதிரி 'பாதுகாத்து' உலகுக்குக் காட்ட ஆரம்பித்தது. கப்பல் கம்பெனி பயணிகளைக் கொண்டுவந்தது, 1928இல் இன்றைய தலைநகர் தென்பசாரில் ஹோட்டல் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, ஜப்பானின் போர் இழப்பீட்டுப் பணத்தில் சனூர் கடற்கரையில் பத்து மாடி ஹோட்டல் ஒன்று 1966இல் எழுந்தது. அது கண்ணை உறுத்தியதால்தான் பின்னால் எந்தக் கட்டடமும் தென்னை மரத்தைத் தாண்டக் கூடாது, 15 மீட்டர்தான் உச்சம் என்று விதி வந்தது. 1971இல் உலக வங்கியின் ஏற்பாட்டில் ஒரு பிரெஞ்சு நிறுவனம் திட்டம் போட்டுக்கொடுத்தது: தெற்கே நுசா துவாவில், நெல் விளையாத வறண்ட நிலத்தில், ஹோட்டல்களை ஒரே இடத்தில் அடைத்துவிடலாம், பயணிகளைப் பேருந்தில் ஏற்றி ஊரைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடலாம். இன்றைக்குப் பார்த்தால் அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல அறிவு இருந்தது, தண்ணீர் பாயும் நிலத்தைத் தொடாதே என்பது. அது மட்டும்தான் நடக்கவில்லை. கூட்டா நிரம்பியதும் செமின்யாக், செமின்யாக் நிரம்பியதும் சங்கு, இப்போது அதற்கும் மேற்கே தபானன் நோக்கி என்று கடற்கரை ஓரமாக நல்ல நஞ்சையைத் தின்றுகொண்டே போகிறார்கள்.

அதே 1971இல் பாலிக்காரர்கள் தாங்களாகவே கூடி ஒரு வேலை செய்தார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். நாட்டியங்களை மூன்றாகப் பிரித்தார்கள். கோயிலின் உள்முற்றத்தில் மட்டும் ஆட வேண்டியது வாலி, நடுமுற்றத்தில் ஆடுவது பெபாலி, வெளியே யாரும் பார்க்க ஆடுவது பாலிஹ்-பாலிஹான். ஹோட்டல் மேடைக்கு மூன்றாவது மட்டும் போகலாம் என்பது முடிவு. அதற்கு முன் பெண்டெட் என்ற கோயில் ஆட்டத்தை விருந்தினரை வரவேற்கும் ஆட்டமாக ஹோட்டல்களில் ஆட வைத்துக்கொண்டிருந்தார்கள், அது தீட்டாகிறது என்று ஊரில் வருத்தம். அதற்குப் பதிலாகப் பன்யெம்பிராமா என்று ஒரு புதிய வரவேற்பு ஆட்டத்தைக் கலைப் பள்ளியில் உருவாக்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் அந்தப் புது ஆட்டம் மக்களுக்குப் பிடித்துப்போய்க் கோயில்களுக்குள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்! கலாச்சாரம் என்பது கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொருள் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இதை நான் எப்போதும் சொல்வேன். சுற்றிலும் ஆண்கள் அமர்ந்து சக்-சக்-சக் என்று குரல் எழுப்பும் கெச்சாக்கும் இப்போதைய வடிவத்துக்கு வந்தது 1930களில்தான், வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன் ஓவியரும் உள்ளூர் கலைஞர்களும் சேர்ந்து, சாமியாட்டச் சடங்கின் குரல்களை எடுத்து ராமாயணத்தோடு இணைத்தார்கள். அதனால் அது போலி என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். எது உள்முற்றத்துக்கு, எது வெளிமுற்றத்துக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆட்டத்தில் அந்த அதிகாரத்தை ஓரளவு கையில் வைத்துக்கொண்டார்கள். நிலத்திலும் தண்ணீரிலும் அது நழுவிவிட்டது.

நழுவுவது எப்படி என்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு வாய்க்காலில் பத்துப் பேர் வயல். நடுவில் ஐந்தாவது ஆள், மகன் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான், கடன் இருக்கிறது, இருபத்தைந்து ஆண்டுக் குத்தகைக்கு வில்லா கட்டுபவருக்குக் கொடுக்கிறார். சுவர் எழும்புகிறது. வாய்க்கால் சுவருக்கு அடியில் ஒரு குழாயாகச் சுருங்குகிறது, கட்டட மண் விழுந்து அடைக்கிறது. ஆறாவது ஆளிலிருந்து பத்தாவது ஆள் வரை தண்ணீர் குறைகிறது. தூர்வாரக் கூப்பிட்டால் வில்லாவிலிருந்து யார் வருவார்? நெல் மிச்சமிருக்கும் வயல்களில் எலியும் பறவையும் மொத்தமாக வந்து இறங்குகின்றன. இதற்கு மேல் வரி. நிலவரி நிலத்தின் மதிப்பை வைத்துப் போடுவது, பக்கத்தில் வில்லா வந்ததும் மதிப்பு ஏறுகிறது, நெல் விற்ற காசு வரிக்குப் போதவில்லை. அப்போது ஆறாவது ஆளும் குத்தகைக்கு விடுகிறார். சட்டப்படி எல்லாரும் தன் நிலத்தைத்தான் விட்டார்கள், ஒருவரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் சுபாக் செத்துப்போய்விட்டது. சங்கம் செத்தால் கோயில் திருவிழாவுக்கு நெல் யார் கொடுப்பது?

இன்னொரு பக்கம் தரைக்குக் கீழே நடக்கிறது. மேலே ஊற்றுத் தண்ணீரைக் குடிநீருக்கும் பாட்டிலுக்கும் எடுக்கிறார்கள், கீழே ஹோட்டல்களும் வில்லாக்களும் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன, தெற்குக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுகிறது. மழை பெய்தால் உட்கார வயல் இல்லை. 2025 செப்டம்பரில் தென்பசாரிலும் சுற்று வட்டாரத்திலும் பெய்த மழையில் பத்துப் பேருக்கு மேல் வெள்ளத்தில் இறந்தார்கள். ஒரு வயல் என்பது வரப்பு கட்டிய குளம் மாதிரி, அதை மூடி மேலே கான்கிரீட் போட்டால் அந்தத் தண்ணீர் தெருவுக்குத்தானே வரும். அதன் பிறகு விளைநிலத்தில் புதிய ஹோட்டல், உணவகத்துக்கு அனுமதி கிடையாது என்று ஆளுநர் வயான் கோஸ்தர் அறிவித்தார்.

மக்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெனோவா வளைகுடாவில் மண் கொட்டித் தீவுகள் உண்டாக்கி அதன் மேல் சுற்றுலா நகரம் கட்டும் திட்டத்துக்கு 2014இல் அதிபர் ஆணை வழிவிட்டது. ஊர்ச் சபைகள், மீனவர்கள், மாணவர்கள், ராக் இசைக் குழுக்கள் எல்லாரும் ஆண்டுக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். வளைகுடாவில் பல புனித இடங்கள் இருக்கின்றன என்று ஊர்ச் சபைகள் சொன்னது எல்லாவற்றையும்விட எடுபட்டது. 2019இல் மீன்வள அமைச்சராக இருந்த சூசி புட்ஜியாஸ்துதி அந்தப் பகுதியைக் கடல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார். சாமியும் சதுப்புநிலமும் ஒரே வாதத்தில் நின்று ஜெயித்த இடம் அது.

சரி, அப்படியானால் இதற்கு மாற்றாகச் சூழல் சுற்றுலா என்று சொல்வதெல்லாம் எப்படி இருக்கிறது? அந்தப் பெயரை இப்போது யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்கிறார்கள். மூங்கிலில் கட்டிய அறை, வயலைப் பார்த்த நீச்சல் குளம், காகித உறிஞ்சுகுழல், இவ்வளவு இருந்தால் போதும் 'எகோ' என்று பலகை வைத்துவிடலாம். நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: அந்த இடத்துக்கு வரும் பணத்தில் யார் முடிவெடுக்கிறார்கள்.

அந்த அளவுகோலில் நிற்கும் முயற்சிகள் உண்டு. கூட்டாவில் குண்டு வெடித்து 202 பேர் இறந்த அதே 2002இல், நான்கு ஊர்கள் சேர்ந்து ஜெட் என்று சுருக்கமாகச் சொல்லும் ஊர்ச் சூழல் சுற்றுலா வலையமைப்பைத் தொடங்கின. சலாக் பழத் தோட்டங்களின் சிபெத்தான், காப்பி விளையும் கியாதான் பெலாகா, கடற்பாசி வளர்க்கும் நுசா செனிங்கான், அப்புறம் தெங்கனான். வருபவர்களை ஊர்க்காரர்களே அழைத்துப் போகிறார்கள், அவர்கள் வீட்டிலேயே சாப்பாடு, அளவாகத்தான் ஆட்களைச் சேர்க்கிறார்கள். தெங்கனானைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். அந்த ஊர் விதிப்படி நிலத்தை வெளியாளுக்கு விற்க முடியாது. சில மரங்களின் பழத்தைப் பறிக்கக்கூட முடியாது, டுரியான் தானாக விழ வேண்டும், விழுந்ததை யார் பார்க்கிறாரோ அவர் எடுத்துக்கொள்ளலாம். அங்கே நெய்யும் கெரிங்சிங் துணியில் பாவு நூல், ஊடை நூல் இரண்டையுமே முன்கூட்டி முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றி, தறியில் இரண்டு வடிவமும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக வந்து உட்காரும்படி நெய்கிறார்கள். இந்த வேலை உலகத்தில் இந்தியாவிலும் ஜப்பானிலும் இங்கேயும்தான் உண்டு, இந்தியாவில் என்றால் குஜராத்தின் பாட்டன் நகரத்துப் பட்டோலா. சிவப்புச் சாயம் நம் ஊர் மஞ்சணத்தியின் இனத்தைச் சேர்ந்த மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து வருகிறது. ஒரு துணி முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். கெரிங் என்றால் நோய், சிங் என்றால் இல்லை, நோய் அண்டாத துணி. பேரம் பேசும்போது இதையெல்லாம் நினைத்துக்கொண்டால் நல்லது.

வடமேற்கில் பெமுத்தேரான் இன்னொரு ஊர். வெடி போட்டும் சயனைடு தெளித்தும் மீன் பிடித்த கடல், 1998 வெப்ப ஆண்டில் பவளமும் வெளுத்துப்போனது. 2000இலிருந்து அங்கே கடலுக்கடியில் இரும்புக் கம்பிக் கூடுகளை இறக்கி அவற்றில் மிகக் குறைந்த மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பு கம்பியின் மேல் படிகிறது, உடைந்து கிடக்கும் பவளத் துண்டுகளை அதில் கட்டிவிட்டால் பற்றி வளர்கின்றன. வெடி போட்ட மீனவர்களின் குடும்பங்களே இப்போது காவலுக்கு நிற்கிறார்கள், பயணிகளைப் படகில் அழைத்துப் போகிறார்கள். மீன் திரும்பி வந்தது.

கொரோனா காலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2020இல் பாலியின் பொருளாதாரம் 9 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. ஹோட்டல் வேலை போனவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள், வயல் இருந்தவர்கள் வயலில் இறங்கினார்கள், லெம்பொங்கான், செனிங்கான் என்ற குட்டித் தீவுகளில் சுற்றுலாவுக்காகக் கைவிட்ட கடற்பாசிப் பாத்திகளை மறுபடி கட்டினார்கள். வயலை விற்றுவிட்டவர்களுக்குத் திரும்ப இடம் இருக்கவில்லை.

போகிறவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், ஒரு வாரம் போகிறீர்கள் என்றால் அதில் இரண்டு இரவாவது ஊர்க்காரர் நடத்தும் வீட்டில் தங்குங்கள், பணம் கட்டும்போது அது யாருடைய நிலம் என்று கேளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் 1,50,000 ரூப்பியா கட்ட வேண்டும், அதைத் தட்டிக்கழிக்காமல் கட்டுங்கள். கோயிலில் இடுப்புத் துணி கட்டச் சொன்னால் கட்டுங்கள், அது நமக்குப் புதிதா என்ன. வரப்பில் நடந்தால் வரப்பு உடையும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் படம் எடுக்கும் அவசரத்தில் நம்மவர்களே அதை மறக்கிறார்கள். சக ஆண்டுப் பிறப்பான ஞெப்பி அன்று இருக்கும்படி அமைந்தால் விட்டுவிடாதீர்கள். நம் பஞ்சாங்கத்தில் வரும் அதே சக ஆண்டுதான், மார்ச் மாதவாக்கில் வரும். விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள், விளக்கு எரியாது, தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. தீவு முழுக்க ஒரு நாள் வேலையை நிறுத்துவது என்றால் என்ன என்று அங்கேதான் தெரியும்.

ஜாட்டிலுவியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பத்துகாரு மலையின் சரிவில், யுனெஸ்கோ எல்லைக்குள் இருக்கும் ஊர், பழைய சிவப்பரிசி ரகத்தை இன்னும் நடுகிறார்கள், அது அறுவடைக்கு வர ஆறு மாதம் வரை ஆகும். டிக்கெட் போட்டு உள்ளே விடுகிறார்கள். 2024இல் ஐநா சுற்றுலா அமைப்பு உலகின் சிறந்த சுற்றுலா ஊர்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. வயலுக்கு நடுவே காப்பிக் கடைகளும் உணவகங்களும் முளைத்தன. 2025 டிசம்பரில் அதிகாரிகள் வந்து, பாதுகாக்கப்பட்ட நெல்நிலத்தில் விதியை மீறிக் கட்டியவை என்று பதின்மூன்று இடங்களை மூடி முத்திரை வைத்தார்கள். அதில் உள்ளூர்க்காரர்கள் நடத்தியவையும் இருந்தன.

சட்டம் சொல்வது சரிதான், நானும் அந்தக் கடைகள் அங்கே வரக் கூடாது என்பவன்தான். ஆனால் படம் எடுக்க வருகிறவர்களால் வரும் பணத்தில் தங்கள் கைக்கு என்ன வருகிறது, நெல் மட்டும் நட்டுக்கொண்டே இரு என்று சொல்கிறீர்களே அதற்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று விவசாயிகள் கேட்டதற்கும் பதில் வேண்டும். அவர்கள் வாயால் மட்டும் கேட்கவில்லை. கூரைக்குப் போடும் தகரத் தகடுகளைக் கொண்டுவந்து தங்கள் வயலில், எல்லாரும் நின்று படம் எடுக்கும் அந்தச் சரிவில், வரிசையாக நட்டு வைத்தார்கள். வெயிலில் தகரம் கண்ணைக் கூசியது. வந்த பயணிகள் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு வண்டிக்குத் திரும்பினார்கள்.